நாட்பட்ட முதுகுவலியும் உடனுறைவோரின் எதிர்வினையும்

முதுகுவலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்குமாயின் அது நாட்பட்ட வலியாகக் கருதப்படுகிறது. அவ்வலியுடையோருள் பெரும்பாலோர்க்கு அதன் காரணத்தை ஊடுகதிர்ப் படமோ ஸ்கேனோ தெளிவாகக் காட்டுவதில்லை. வலியுடையவரின் சொல்லும் நடத்தையுமே சான்றாக எஞ்சுகின்றன. ஆகவே, உடனுறைவோர் அச்சான்றை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பது நோயாளியின் அன்றாட இயக்கத்தைப் பெரிதும் பாதிக்கிறது.

இதனை முறைப்பட விளக்கியவர் அமெரிக்க உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ். முனகல், முகச்சுளிப்பு, படுத்துக்கொள்ளுதல் போன்ற வலி நடத்தைகள் பிறர் தரும் கவனிப்பால் வலுப்பெறக்கூடும் என 1976-இல் வெளிவந்த தம் நூலில் அவர் எடுத்துரைத்தார். 1992-இல் ஜோன் ரோமானோ குழுவினர், நாட்பட்ட வலியுடையோரும் அவர்தம் துணைவரும் வீட்டு வேலைகளைச் சேர்ந்து செய்வதைக் காணொளியில் பதிவுசெய்து ஆராய்ந்தனர். துணைவரின் பரிவுச் செயல்கள் வலி நடத்தைக்குப் பின்னர் மட்டுமன்றி முன்னரும், வலியற்ற இணையரிடத்துக் காணப்பட்டதைவிட மிகுதியாக நிகழ்ந்தன. வலி தோன்றுமுன்னரே உதவிக்கரம் நீள்கிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இதனைக் கொண்டு அன்பான கவனிப்பு தீங்கு தரும் என முடிவு கட்டுதல் பொருந்தாது. 'பரிவு' என எது அளக்கப்படுகிறது என்பதைக் காணவேண்டும். 1985-இல் கெர்ன்ஸ், டர்க், ரூடி ஆகியோர் உருவாக்கி இன்றளவும் வழங்கும் வினாநிரலில், நோயாளியின் வேலையைத் தாமே செய்தல், ஓய்வெடுக்கச் சொல்லுதல், மருந்து எடுத்துத் தருதல் முதலியன பரிவாகக் கொள்ளப்படுகின்றன. இவை தமிழ் வழக்கில் பணிவிடை எனப்படுவன. சொல்வதை நம்பிக் கேட்டல் ஆறுதலின்பாற்படும். அதற்கு அவ்வளவையில் இடமில்லை. பணிவிடை மிகின் இயக்கம் குறைகிறது. இயக்கம் குறையின் முதுகுத் தசைகள் நலிகின்றன. ஆறுதலுக்கு அத்தகைய விளைவு இல்லை. வலியை வெளிப்படுத்துதல் நெருக்கத்தை நாடும் செயலாகவும் அமையலாம் என ஆன்மேரி கானோ, அமண்டா வில்லியம்ஸ் ஆகியோர் 2010-இல் வாதிட்டது இவ்வேறுபாட்டுக்கு அரண் சேர்க்கிறது.

அவ்வினாநிரல் நோயாளிக்கு மிக நெருங்கிய ஒருவரை மட்டுமே கருத்திற்கொள்கிறது. கூட்டுக் குடும்பத்திலோ, மருமகளின் வலியைக் கணவன் நம்புவதும், மாமியார் ஐயுறுவதும், மகள் குடத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வதும் ஒரே நாளில் நிகழலாம். அதனைத் தமிழாக்கிப் பயன்படுத்துவோர் ஒவ்வோர் உறவுக்கும் தனித்தனியே விடை பெறுதல் வேண்டும். ஆறுதல் குறித்த வினாக்களைப் புதிதாகச் சேர்த்தலும் வேண்டும்.