கியர்பாக்சுக்குக் காய்ச்சல்! கொடைக்கானல் ஏறும் ஆட்டோமேட்டிக் கார்களுக்கு ஒரு முள் தேவை

மதுரை:–

ஆரப்பாளையம் பஸ் நிலையம். விடிந்தும் விடியாத நேரம். "கொடைக்கானல்... கொடைக்கானல்..." என்று கண்டக்டர் கூவுகிறார். பஸ்சில் இடம் கிடைக்காத ஒரு குடும்பம் வாடகைக் கார் பேசுகிறது. ஏழு பேர் ஏறுகிறார்கள். மூட்டை முடிச்சு மேலே கேரியரில். இ-பாஸ் எடுத்தாச்சு. ஏ.சி. போட்டாச்சு. வண்டி புறப்பட்டாச்சு!

வாடிப்பட்டி, வத்தலக்குண்டு வரை ஒரு தொல்லையும் இல்லை. காமக்காபட்டி சோதனைச் சாவடி தாண்டியதும் மலை தொடங்குகிறது. சீசன் நேரம். கார்கள் ஊர்ந்து ஊர்ந்து போகின்றன. டம்டம் பாறை வந்ததும் டிரைவர் முகம் மாறுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது. வண்டி நகர மாட்டேன் என்கிறது. ஏதோ கருகிய வாடை!

சூடு காட்டும் முள்ளைப் பார்க்கிறார். அது நடுவில் நிற்கிறது. "இன்ஜின் நல்லாத்தானே இருக்கு!"

ஆமாம், இன்ஜின் நல்லாத்தான் இருக்கிறது. காய்ச்சல் கியர்பாக்சுக்கு! அதைக் காட்டும் முள் பெரும்பாலான கார்களில் கிடையாது.

பஸ்சுக்கு இல்லாத தொல்லை

பக்கத்தில் மலைப் பஸ் முக்கி முனகி ஏறிப் போகிறது. அதற்கு மட்டும் ஏன் இந்தக் காய்ச்சல் வரவில்லை?

பஸ்சில் இருப்பது கிளச்சும், கையால் போடும் கியரும். இன்ஜின் சுற்றுவது நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. 1972-ல் பாண்டியன் ரோட்வேஸ் தொடங்கிய காலத்திலிருந்தே மலைப் பஸ் டிரைவருக்கு ரேடியேட்டர் தண்ணீரும் பிரேக்கும்தான் கவலை.

ஆட்டோமேட்டிக் கார் சமாச்சாரம் வேறு. அமெரிக்காவில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது இந்த வித்தை. கால் கிளச் கிடையாது. அதன் வேலையை எண்ணெய் செய்கிறது.

இரண்டு மேஜை விசிறிகளை எதிர் எதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். அதன் காற்று பட்டு மற்றதும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய் என்றால், அதுதான் 'டார்க் கன்வர்ட்டர்'. நாலு வழிச் சாலையில் வேகமாகப் போகும்போது இரண்டு விசிறியும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சூடு குறைவு. மலையில் பாரத்தோடு மெதுவாக ஏறும்போது பூட்டு திறந்துவிடும். ஒரு விசிறி வேகமாகச் சுற்றும், மற்றது திணறும். நடுவில் மாட்டிய எண்ணெய் கொதிக்கும்!

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும்போது சுமார் 2 கிலோ மீட்டர் உயரம் ஏறுகிறோம். திணறலுக்குக் கேட்க வேண்டுமா?

ரோஸ்மில்க் நிறம் ஆபத்து!

இந்த எண்ணெய்தான் கியர்பாக்சுக்கு ரத்தம். சூடு 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் ஆரோக்கியம். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரி ஏறும்போதும் எண்ணெயின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. 115-ஐத் தாண்டினால் உள்ளே பிசின் படியத் தொடங்கும். 125-ஐத் தாண்டினால் ரப்பர் சீல்கள் விறைக்கும். 145-க்கு மேல் உள்ளிருக்கும் தகடுகள் வழுக்கிக் கருகும்.

எண்ணெயை நீங்களே பார்க்கலாம். சர்பத் போலச் சிவப்பாக இருந்தால் நல்லது. டிக்காஷன் போலக் கருத்து, கருகல் வாடை அடித்தால் எண்ணெய் வெந்துவிட்டது. ரோஸ்மில்க் போல வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. அப்படியானால் வண்டியை ஓட்டவே கூடாது.

கியர்பாக்ஸ் போனால் செலவு லட்சத்தில். கடன் வாங்கி வண்டி ஓட்டுகிறவருக்குச் சீசன் முழுவதும் போச்சு! தவணை மட்டும் நிற்காது.

முதலில் தெர்மாமீட்டர்!

பட்டறைக்குப் போகிறார் டிரைவர். "அண்ணே, பெரிய கூலரா ஒண்ணு மாட்டி விடுங்க!"

நல்ல மெக்கானிக் என்றால் இப்படித்தான் சொல்வார்: "பொறு தம்பி. காய்ச்சல் எம்புட்டுன்னு பாக்காம மாத்திரை குடுக்கலாமா?"

ஸ்டியரிங்குக்குக் கீழே கம்ப்யூட்டர் சாக்கெட் இருக்கிறது. அதில் சின்னக் கருவி ஒன்றைச் செருகினால், பல வண்டிகளில் கியர்பாக்ஸ் சூடு செல்போனிலேயே தெரியும். எந்தக் குழாயையும் வெட்ட வேண்டாம். அது காட்டாத வண்டிக்குத்தான் தனி மீட்டர்.

மீட்டரின் சென்சாரை எண்ணெய்ச் சட்டியில் வைத்தால் முள் நிதானமாக ஏறி இறங்கும். கூலருக்குப் போகும் சூடான குழாயில் வைத்தால் முள் துள்ளும். ஆபத்தைச் சீக்கிரம் காட்டும். எதில் வைத்தோம் என்று தெரிந்திருந்தால்தான் முள்ளைப் படிக்க முடியும்.

கூலர் மாட்டும் முறை

பல கார்களில் கியர்பாக்ஸ் எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீரில்தான் ஆறுகிறது. அந்தத் தண்ணீரே 90 டிகிரி! தனிக் கூலர் என்பது காற்றில் ஆறும் குட்டி ரேடியேட்டர். எண்ணெய் முதலில் பழைய ரேடியேட்டர் வழியாகப் போய், பிறகு இதில் ஆறி, கியர்பாக்சுக்குத் திரும்ப வேண்டும்.

இடம், ஏ.சி. கண்டென்சருக்கு முன்னால். உரசாமல் இடைவெளி வேண்டும். தகடுகளுக்குள் பிளாஸ்டிக் நாடாவை நுழைத்துக் கட்டுவது தப்பு; ஆட்டத்தில் அறுத்து ஓட்டை போடும். கம்பிப் பட்டை வைத்துப் போல்ட் போட வேண்டும். பெட்ரோல் ஹோஸ் உதவாது. இந்த எண்ணெயின் சூட்டைத் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும். வேலை முடிந்ததும் அதே வகை எண்ணெய் ஊற்றி, கம்பெனி சொல்லும் முறையில் அளவு பார்க்க வேண்டும். புதுக் கூலரும் கொஞ்சம் எண்ணெய் குடிக்கும் அல்லவா?

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. ஏ.எம்.டி. என்று விற்கும் சின்னக் கார்களில் இருப்பது சாதா கியர்பாக்ஸ். மோட்டார்தான் கிளச்சை மிதிக்கிறது. அதற்குக் கூலர் வீண் செலவு. வாரண்டி உள்ள வண்டி என்றால், கை வைக்கும் முன் கம்பெனியில் கேட்டுவிடுங்கள்.

முள் ஏறினால்?

கூலர் மாட்டிவிட்டோம் என்று மிதப்பு வேண்டாம். வரிசையில் ஊர்ந்தால் காற்று இல்லை, கூலரும் திணறும். அதனால்தான் கூலரை விட முள் முக்கியம்!

110-ஐத் தாண்டினால் ஏ.சி.யை அணைத்து, ஆக்சிலேட்டரைத் தளர்த்துங்கள். 120-ஐ நெருங்கினால் அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலில் இன்ஜினை ஓட விடுங்கள். எண்ணெய் சுற்றினால்தான் ஆறும். இன்ஜின் தண்ணீர் முள்ளும் சிவப்பைத் தொட்டால் மட்டும் அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது.

கால் மணி நேரம் தாமதமாகும். பின் சீட்டில் பிள்ளைகள் முனகும். முனகட்டும். டம்டம் பாறையில் நின்று தலையாறு அருவியைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் இறங்கியதும் புறப்படலாம்.

லாரியில் ஏற்றி மதுரைக்குத் திரும்புவதை விட, அது எவ்வளவோ மேல்!