ஊர்வலத்தின் இருட்டு

1972 ஜூன் 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் உள்ள டிஸ்னிலாண்டில் மெயின் ஸ்ட்ரீட் எலக்ட்ரிகல் பரேட் முதன்முறையாகப் புறப்பட்டது. ஊர்வலம் வருவதற்குச் சற்று முன்பு தெருவின் விளக்குகளை மங்க வைத்தார்கள். முந்தைய ஆண்டு புளோரிடாவில் ஏரித் தண்ணீரின் மேல் ஒளி உருவங்களை மிதக்கவிட்டுப் பார்த்திருந்தார்கள். பூங்காவின் கேளிக்கை நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த பாப் ஜானி, அதே எண்ணத்தைத் தரைக்குக் கொண்டுவந்தார். ஜான் ஜாக் பெர்ரேயும் கெர்ஷோன் கிங்ஸ்லியும் 1967-இல் மூக் சிந்தசைசரில் வாசித்த ‘பரோக் ஹோடவுன்’ துள்ளலோடு ஒலிக்க, நிக்கல் காட்மியம் பேட்டரியில் எரியும் சின்னஞ்சிறு சீரியல் பல்புகள் தெருவில் நகர்ந்தன. ஏறக்குறைய 5 லட்சம் பல்புகள் என்பது அந்த ஊர்வலத்தைப் பற்றி எப்போதும் சொல்லப்படும் கணக்கு. சுழன்று சுழன்று வரும் நத்தை, ஆமை, பிற்பாடு வந்து சேர்ந்த புகைவிடும் டிராகன் எலியட் எல்லாமே பல்பு வரிசைகளால் ஆன உருவங்கள். ஊர்தியின் சட்டமும் கம்பியும் உள்ளே உட்கார்ந்து ஓட்டுபவரும் இருட்டுக்குள் மறைந்துவிடுவார்கள். மின்சாரம் எவ்வளவு தேவைப்பட்டதோ அவ்வளவு இருட்டும் அந்த ஊர்வலத்துக்குத் தேவைப்பட்டது.

கழுத்தில் கேமரா மாட்டிக்கொண்டு நடைபாதை ஓரத்தில் நின்றவருக்கு அந்த இருட்டுதான் பெரும்பாடு. கையில் இருந்தது பெரும்பாலும் கோடக் பிலிம். பகலில் கோட்டையையும் மிக்கி மவுஸையும் அருமையாகப் பிடித்துத் தந்த கோடக்ரோம் 25, 64 போன்ற மெதுவான சுருள்கள் இரவில் கை கொடுக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் மாலையில் சுருளை மாற்றிக்கொண்டார்கள். டங்ஸ்டன் விளக்குக்கென்றே வந்த ஹை ஸ்பீட் எக்டாக்ரோமின் வேகம் 125. லேபில் தனிக் கட்டணம் கட்டிக் கூடுதல் நேரம் கழுவச் சொன்னால் 320 வரை இழுக்கலாம். பகல் வெளிச்சத்துக்கான சுருளில் எடுத்தால் பல்பு எல்லாம் ஆரஞ்சாக வரும். இந்த டங்ஸ்டன் சுருளில் அப்படி வராது.

சரி, 125-இல் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 வரை முழுக்கத் திறந்துவிட்டாலும் ஷட்டர் நொடியில் பத்தில் ஒரு பங்கு, பதினைந்தில் ஒரு பங்கு என்றுதான் நிற்கும். ஊர்தி மனிதர் நடக்கும் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடியில் பதினைந்தில் ஒரு பங்குக்குள் அது ஏழெட்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒவ்வொரு பல்பும் ஒரு கோடாக நீளும். முக்காலி கையின் நடுக்கத்தை நிறுத்துமே தவிர ஊர்தியை நிறுத்தாது. ஊர்தி போகும் போக்கிலேயே கேமராவையும் திருப்பி எடுப்பவர்கள் உண்டு. டிராகனுக்கு அது பலிக்கும், நத்தைக்குப் பலிக்காது. நத்தை முன்னேறிக்கொண்டே தன்னையும் சுற்றிக்கொள்ளும். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் பாதி பல்புகள் அதற்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும்.

பெரும்பாலான குடும்பங்களிடம் இருந்தவை இன்ஸ்டமேட்டிக் போன்ற எளிய கேமராக்கள். அவற்றின் தலையில் நாலு பக்கமும் நாலு பல்பு கொண்ட ஃபிளாஷ் கியூப். ஊர்வலம் நெருங்கியதும் தெருவின் இரு பக்கமும் பளிச் பளிச்சென்று மின்னும். அந்த வெளிச்சம் மூன்று, நான்கு மீட்டர் தாண்டினால் வலுவிழந்துவிடும். முன்னால் நிற்பவரின் தலைமுடி வெள்ளையாக விழும், ஊர்தி இருட்டாக நிற்கும். ஃபிளாஷ் எட்டும் தொலைவுக்கு ஊர்தி வந்துவிட்டாலோ இன்னும் மோசம். பார்வைக்குப் படாமல் இருக்க வேண்டிய கம்பியும் வலையும் ஒயரும் பட்டப்பகலில் போலத் தெரியும். கட்டியவர்கள் மறைத்து வைத்ததை எல்லாம் அந்த ஒரு மின்னல் வெளியே இழுத்துப் போட்டுவிடும்.

எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று அங்கேயே தெரியவும் தெரியாது. ஒரு சுருளில் 36 படம். ஊருக்குத் திரும்பி, லேபுக்கு அனுப்பி, ஸ்லைடு பெட்டி தபாலில் வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும். அப்படி வந்த ஸ்லைடுகளில் தேறியவை எனக்கு இன்றும் பிடித்தமானவை. சுற்றிலும் கட்டித்த கறுப்பு. நடுவில் கொஞ்சம் கலங்கிய, ஓரங்களில் கசிந்த, சூடான நிறங்கள். பிலிமில் அளவுக்கு மிஞ்சிய வெளிச்சம் சட்டென்று வெள்ளையாகிவிடாது. பல்பைச் சுற்றி ஒளிவட்டமாகப் பரவும். நிழலைப் பிலிமால் பிடிக்க முடியாது என்பதால் நிழல் நிழலாகவே இருந்துவிட்டது. ஊர்வலத்தைக் கட்டியவர்கள் விரும்பிய இருட்டை, பிலிம் தன் பலவீனத்தாலேயே காப்பாற்றிக் கொடுத்தது.

1977-இல் கோடகலர் 400, 1983-இல் கோடகலர் விஆர் 1000 என்று வேகமான சுருள்கள் வந்தன. கூடவே மணல் தூவியது போன்ற கிரெயினும் வந்தது. உண்மையான திருப்பம் டிஜிட்டலில்தான், அதுவும் உடனே நிகழவில்லை. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் பூங்காவுக்கு வந்தவர்களின் சட்டைப் பையில் இருந்த கேமராக்களில் சென்சார் மிகச் சிறியது. ஐஎஸ்ஓ 400-லேயே கறுப்பில் வண்ணப் புள்ளிகள் ஊறும். பொத்தானை அழுத்திய பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் படம் எடுக்கும். அதற்குள் குட்டித் தேவதை டிங்கர் பெல் கடந்து போயிருப்பார். 2003-இல் கேனன் 300டி, 2004-இல் நிக்கான் டி70 வந்தபின் சாதாரண மனிதரும் பெரிய சென்சாரோடு எஃப் 1.8 லென்ஸைப் பூட்டி, 1600-இல் எடுக்கத் தொடங்கினார். 2007-இல் நிக்கான் டி3 சர்வ சாதாரணமாக 6400-க்குப் போனது. கோடக்ரோம் 64-ஓடு ஒப்பிட்டால் நூறு மடங்கு. நொடியில் கால் பங்கு கேட்ட காட்சிக்கு இப்போது நானூறில் ஒரு பங்கு போதும். ஊர்தி அதற்குள் அரை சென்டிமீட்டர்கூட நகராது.

அத்தோடு பாடு தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். தீரவில்லை, ஏனென்றால் ஊர்வலமும் மாறிவிட்டது. டிஸ்னிலாண்டில் பழைய ஊர்வலம் 1996-இல் விடைபெற்றது. அதன் பல்புகளை நினைவுப் பொருளாக விற்றார்கள். பிறகு அது வேறு பூங்காக்களுக்கும் போய், பலமுறை திரும்பியும் வந்தது. 2014-இல் ஹாங்காங்கிலும், 2015-இல் அனஹைமிலும் புறப்பட்ட ‘பெயின்ட் த நைட்’ முழுக்க எல்இடி. அனஹைம் ஊர்வலத்தில் 15 லட்சம் விளக்குகள். ஆடுபவர்களின் உடையிலும் விளக்கு. ‘கார்ஸ்’ படத்து மேக் லாரியின் பக்கவாட்டில் ஓடும் ஓவியங்களே விளக்குப் புள்ளிகளால் ஆனவை.

எல்இடி கேமராவுக்கு வைக்கும் சோதனை புதுமாதிரியானது. பழைய பல்பின் ஒளியில் எல்லா நிறமும் கொஞ்சம் கலந்திருக்கும், மேலே உள்ள சாயம் ஒன்றைத் தூக்கிக் காட்டும். நீல எல்இடியின் ஒளி கிட்டத்தட்ட அத்தனையும் நீலமே. சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக ஒளி விழுகிறதல்லவா, அதில் நீலக் கட்டம் மட்டும் நிரம்பி வழிந்துவிடும், மற்றவை காலியாகக் கிடக்கும். சராசரி வெளிச்சத்தைப் பார்க்கும் மீட்டருக்கு இது தெரியாது. ‘இன்னும் இடம் இருக்கிறது’ என்றே சொல்லும். ‘பெயின்ட் த நைட்’ ஊர்வலத்தில் பனி அரசி எல்சா நிற்கும் ஊர்தியைப் பலரும் எடுத்த படங்களில் இதைக் காணலாம். செதுக்கிய பனிக்கட்டியின் மடிப்பும் கீறலும் போய், ஒரு தட்டையான நீலப் பரப்பு மட்டும் நிற்கும். பிலிமின் ஒளிவட்டம் இங்கே இல்லை. நிரம்பியது நிரம்பியதுதான், பின்னால் கணினியில் எவ்வளவு குறைத்தாலும் போன விவரம் திரும்பாது.

இன்னொன்று துடிப்பு. எல்இடியை மங்கலாக்க அதை மிக வேகமாக அணைத்து அணைத்து எரிய வைக்கிறார்கள். கண்ணுக்கு அது நிதானமான ஒளி. ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டருக்கு, அதிலும் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டருக்கு, படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகளாக விழும். பேட்டரியில் எரிந்த பழைய பல்பின் இழைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது சூட்டில் எரிவது, கணத்தில் குளிராது. வேகமான ஷட்டருக்காகப் பல ஆண்டுகள் ஏங்கிய பிறகு, கிடைத்த வேகத்தைக் குறைத்து 125-இல் ஒன்று, 200-இல் ஒன்று என்று மெக்கானிக்கல் ஷட்டருக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

இப்போது தெருவோரத்தில் ஃபிளாஷ் கியூப்களின் மின்னல் இல்லை. உயர்த்திய கைகளும் கைப்பேசித் திரைகளும்தான். செல்ஃபி குச்சிகளை 2015 கோடையில் டிஸ்னி பூங்காக்கள் தடை செய்தது பின்வரிசைக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி. டோக்கியோ டிஸ்னிலாண்டில் 2001 முதல் நடக்கும் ‘ட்ரீம்லைட்ஸ்’ ஊர்வலத்துக்கு மக்கள் முன்கூட்டியே விரிப்பு போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். முன்வரிசை உட்கார்ந்திருப்பதால் பின்வரிசைக்கும் ஊர்தி தெரிகிறது. படமெடுப்பவருக்கும் தாழ்ந்த கோணம் கிடைக்கிறது, ஊர்திக்குப் பின்னால் வானத்தின் கறுப்பு கிடைக்கிறது. எல்லா ஊரிலும் இந்தப் பழக்கம் வந்தால் நன்றாக இருக்கும்.

கைப்பேசிகளின் இரவுப் பயன்முறையைப் பற்றித்தான் எனக்கு மனத்தாங்கல். 2018-இல் கூகுளிலும் 2019-இல் ஆப்பிளிலும் வந்தது அது. பல படங்களை அடுக்கடுக்காக எடுத்து ஒன்றாகச் சேர்த்து, இருட்டை அகற்றிக் காட்டும். அசையாத கோபுரத்துக்கு அது வரம். அசையும் ஊர்திக்கு இரட்டை நிழல் விழுகிறது. அது விழாதபோதும் வானம் சாம்பல் நீலமாகி, எதிர்ப்பக்கக் கட்டடத்தின் செங்கல் வரை எண்ணலாம் போல் ஆகிவிடுகிறது. நடனமாடுபவரின் முகமும் அவர் உடையின் விளக்கும் ஒரே பிரகாசத்துக்கு வந்துவிட்டால், விளக்கு எரிகிறது என்ற உணர்வே போய்விடும். ஃபிளாஷ் கியூப் ஒரு மின்னலில் செய்த சேதத்தை இது மென்மையாகச் செய்கிறது.

நல்ல படம் எடுப்பவர்கள் இன்று இருட்டைக் காப்பாற்றத்தான் பாடுபடுகிறார்கள். 6400 கையில் இருந்தும் 1600-இல் நிறுத்துகிறார்கள். மீட்டர் சொல்வதிலிருந்து ஒரு ஸ்டாப்போ ஒன்றரையோ குறைக்கிறார்கள். தானாக மாறும் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) அணைத்துவிட்டு ஏதாவது ஓர் அளவில் பூட்டி, ரா கோப்பாக எடுக்கிறார்கள். ஊர்திக்கு ஊர்தி நிறம் மாறும்போது கேமராவும் மாறிக்கொண்டே போனால் எதையும் சரிசெய்ய முடியாது.

நெரிசலான இரவுகளில் ஊர்வலம் இருமுறை வருவது டிஸ்னிலாண்டின் பழைய வழக்கம். பிலிம் காலத்தில் இரண்டாவது சுருளையும் முதலாவதைப் போலவே குருட்டாம்போக்கில்தான் எடுக்க வேண்டியிருந்தது. இன்று முதல் ஊர்வலம் முடிந்ததும் நடைபாதையிலேயே உட்கார்ந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் வரைபடத்தையும் திரையில் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். எல்சாவின் ஊர்தியில் நீலம் வழிந்திருந்தால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். குழந்தைகளோடு வந்தவர்கள் கிளம்பியிருப்பார்கள், முன்வரிசையில் இடம் கிடைக்கும். ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, இரண்டாவது ஊர்வலத்தில் ஆடுபவர் இந்தப் பக்கம் முகம் திருப்பும் கணத்துக்கு மட்டும் காத்திருக்கலாம்.