மார்பில் பதக்கமும் மக்களின் வாக்கும்

ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள் காலையில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குச் செல்வோர் ஓர் அரிய காட்சியைக் காணலாம். 1938ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட போர் நினைவுச் சின்னத்தின் முன் முதிய தமிழர் சிலர் வந்து நிற்பர். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்கள் அவர்கள். புதுவை மக்கள் அவர்களைச் 'சொல்தா' என்று அழைப்பது வழக்கம். படைவீரர் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே தமிழர் நாவில் அவ்வாறு வழங்குகிறது. அவர்களுடைய சட்டையின் இடப்பக்கத்தில், வண்ண நாடாக்களில் கோத்த பதக்கங்கள் தொங்கும். மலர்வளையம் வைக்கப்படும்; சிறிது நேரம் அமைதி காக்கப்படும்; போரில் மாண்டோர் நினைக்கப்படுவர். சடங்கு முடிந்ததும் அப்பதக்கங்கள் வீட்டுப் பெட்டிக்குத் திரும்பிவிடும்.

இனி, வேறொரு காட்சியை மனத்தில் அமைத்துப் பார்ப்போம். தேர்தற் காலம். வில்லியனூர்த் தேரடியில் ஒரு கூட்டம். இந்தியப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் வேட்பாளராக மேடை ஏறுகிறார். வெள்ளைச் சட்டையின் மீது பதக்க வரிசை ஒளிர்கிறது. "நாட்டுக்காகக் குண்டு மழையில் நின்றவன் நான், உங்கள் வாக்கு எனக்கே உரியது" என்று அவர் பேசுகிறார். கூட்டம் கைதட்டுகிறது. அந்தக் கைதட்டல் எதற்கு உரியது? அவர் ஆற்றிய பணிக்கா, ஆற்றப்போகும் பணிக்கா? தேர்தல் மேடையில் பதக்கம் அணிந்து வாக்குக் கேட்பது முறையாகுமா? மாணவர்கள் ஆராய வேண்டிய வினா இது.

முதலில், பதக்கம் என்பது யாது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு எல்லாப் பதக்கங்களும் ஒன்றுபோலவே தோன்றும். உண்மையில் அவை பெரும்பாலும் மூவகைப்படும். முதல் வகை, பகைவர் முன் காட்டிய வீரத்துக்கு வழங்கப்படுவது. பரம் வீர் சக்கரம், மகா வீர் சக்கரம், வீர் சக்கரம் ஆகிய மூன்றும் 1950 சனவரி 26ஆம் நாள் நிறுவப்பெற்று, 1947 ஆகஸ்டு 15 முதல் செல்லுபடியாகும் என அறிவிக்கப்பட்டன. இவற்றுள் தலைமையானது பரம் வீர் சக்கரம். 1999ஆம் ஆண்டுக் கார்கில் போர் வரையில் அதனைப் பெற்றோர் 21 பேரே. அவர்களுள் ஒருவர் மேஜர் இராமசாமி பரமேசுவரன். 1987 நவம்பர் 25ஆம் நாள் இலங்கையில் வீரமரணம் எய்தியவர்.

இரண்டாம் வகை, ஒரு குறிப்பிட்ட போர்க்களத்திலோ கடினமான நிலப்பகுதியிலோ பணியாற்றியமைக்காகத் தரப்படுவது. சியாச்சின் பனிமலையில் காவல் புரிந்தோர்க்கு வழங்கப்படும் பதக்கம் இவ்வகையைச் சாரும். மூன்றாம் வகை, இத்தனை ஆண்டுகள் குறையின்றிப் பணியாற்றினார் என்பதற்கும், நாட்டின் பொன்விழா போன்ற நினைவுகளுக்கும் உரியது. 9, 20, 30 ஆண்டுப் பணிக்கெனத் தனித்தனிப் பதக்கங்கள் உள்ளன. இவை யாவும் மதிப்புக்கு உரியனவே. எனினும், மார்பு நிறையப் பதக்கங்கள் இருப்பதனாலேயே ஒருவர் போர்க்களத்தில் அரிய வீரச் செயல் புரிந்தவர் என்று முடிவு செய்துவிட இயலாது. எந்த நாடா எதனைக் குறிக்கும் என்பதை அறியாத கூட்டத்தின் முன் அவற்றை அணிந்து நின்றால், அணிந்தவர் ஒரு பொய்யும் சொல்லாமலே கேட்போர் தவறான எண்ணம் கொள்ளக்கூடும். இச்சிக்கலின் முதல் முடிச்சு இதுதான்.

வீரத்தைச் சிறப்பிக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பண்டைத் தமிழ் வேந்தர் தம் படைத்தலைவர்க்கு 'ஏனாதி' என்னும் பட்டமும் மோதிரமும் வழங்கினர். வீரர் காலில் கழல் அணிந்தனர். ஆநிரை மீட்டு உயிர்விட்டவர்க்கு ஊரார் நடுகல் நாட்டினர். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் அத்தகைய கற்கள் பல கிடைத்துள்ளன. இவற்றிலெல்லாம் ஒரு பொதுத் தன்மை உண்டு. சிறப்பைத் தருபவர் வேறு; பெறுபவர் வேறு. எந்த வீரனும் தனக்குத் தானே நடுகல் நாட்டிக்கொள்ளவில்லை. சிறப்பு என்பது பிறர் நன்றியுடன் தருவது. அதனைக் காட்டி மீண்டும் ஒரு கூலி கேட்டால் அந்நன்றியின் தூய்மை குன்றும்.

இனிச் சட்டம் யாது கூறுகிறது என்று நோக்குவோம். நம் அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. ஆயினும் படைத்துறைச் சிறப்புகளுக்கும் கல்விச் சிறப்புகளுக்கும் விலக்கு அளித்தது. ஆகவே, படைவீரர் தாம் பெற்ற சிறப்பை மறைக்க வேண்டியதில்லை. பணியிலுள்ள வீரரோ அரசியலில் ஈடுபடலாகாது. அவர்களுடைய அடிப்படை உரிமைகளை வரையறுக்கும் அதிகாரத்தை 33ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அளிக்கிறது. 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் அவ்வழியில் அமைந்தது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி, வேட்பாளர் தம் வெற்றிக்காகப் படையினரின் உதவியைப் பெறுவது முறைகேடான செயல். தேசியக் கொடி, தேசியச் சின்னம் ஆகியவற்றைக் காட்டி வாக்குக் கேட்பதும் அவ்வாறே. படைவீரர் அல்லாத ஒருவர், தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்பும்படி அவ்வுடையையோ அடையாளத்தையோ அணிந்தால், 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவின்படி தண்டனைக்கு உரியவராவார்.

தேர்தல் ஆணையமும் இதுபற்றி அறிவுறுத்தியுள்ளது. 2013 டிசம்பர் 4ஆம் நாள் அது கட்சிகளுக்கு எழுதிய மடலில், படைத்தலைவர்கள், வீரர்கள் ஆகியோரின் படங்களையும் படை நிகழ்ச்சிகளின் படங்களையும் தேர்தல் விளம்பரங்களில் பயன்படுத்தலாகாது என்று கூறிற்று. படைகள் அரசியல் சார்பற்றவை என்பதே அதற்குக் காரணம். 2019ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்கு முன், விமானப்படை வீரர் ஒருவரின் படம் அரசியல் விளம்பரங்களில் இடம்பெற்றபோது, மார்ச்சு 9ஆம் நாள் ஆணையம் அவ்வறிவுரையை மீண்டும் நினைவூட்டிற்று. இவ்வறிவுரையின் சொற்கள் படங்களைப் பற்றியவை. ஓய்வு பெற்றவர் தாம் பெற்ற பதக்கத்தைத் தம் மார்பில் அணிவதோ, பெரிதும் அவருடைய மனச்சான்றுக்கும் வாக்காளரின் தெளிவுக்கும் விடப்பட்டதாகவே உள்ளது.

பிற நாடுகளிலும் இவ்வினா எழுந்துள்ளது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து நீர் வாரியம் ஒன்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சேவியர் ஆல்வரேசு என்பவர், 2007ஆம் ஆண்டில் ஒரு கூட்டத்தில், தாம் அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றவர் என்று சொல்லிக்கொண்டார். அவர் படையிலேயே பணியாற்றியதில்லை. 2005ஆம் ஆண்டின் சட்டப்படி அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டமே செல்லாது என்று தீர்ப்பளித்தது. வெறும் பொய்யைச் சொன்னமைக்காகத் தண்டித்தல் பேச்சுரிமைக்கு முரண். பொய்யை மெய்யால் வெல்லலாம். பதக்கம் பெற்றோரின் பட்டியலை அரசு வெளியிட்டால் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. 2013இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், பணமோ பொருளோ பிற பயனோ பெறும் நோக்கத்துடன் கூறும் பொய்யை மட்டுமே குற்றமாக்கியது. அந்நாட்டில் சீருடைப் படத்தை விளம்பரத்தில் இடும் ஓய்வு பெற்ற வேட்பாளர், அப்படம் படைத்துறையின் ஆதரவைக் குறிக்காது என்று தெளிவாக எழுத வேண்டும் என்பதும் விதி.

புதுவைக்கு உறவுடைய பிரான்சு நாட்டு வழக்கமும் எண்ணத்தக்கது. 1956ஆம் ஆண்டில் கையெழுத்தாகி 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி, புதுவையர் பலர் இந்தியக் குடிமக்கள் ஆயினர். சிலர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டனர். ஆகவே, அண்டை வீட்டாருள் ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்க, மற்றவர் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கும் புதுமை இங்கு உண்டு. அந்தப் பிரெஞ்சுத் தேர்தல் விதிகள், நீலம், வெள்ளை, சிவப்பு ஆகிய மூவண்ணச் சேர்க்கை தேசியச் சின்னத்தோடு மயங்குமாறு தேர்தல் சுவரொட்டிகளில் அமைவதைத் தடுக்கின்றன. நாட்டுக்கு உரிய அடையாளம் கட்சிக்கு உரியதாகத் தோன்றலாகாது என்பதே கருத்து.

இவ்வுண்மை நம் பதக்கங்களுக்கும் பொருந்தும். பரம் வீர் சக்கரத்தின் நடுவே பொறிக்கப்பட்டிருப்பது நான்முகச் சிங்கமாகிய அரசுச் சின்னம். எந்தக் கட்சியின் சின்னமும் அதில் இல்லை. அதனை அளித்தவர் குடியரசுத் தலைவர். அளித்தது நாடு முழுவதன் பெயரால். வேட்பாளருக்கு வாக்களிப்பவரும், அவருக்கு எதிராக வாக்களிப்பவரும் சேர்ந்தே அதனை அளித்திருக்கின்றனர். பொதுச்சொத்தான அந்நன்றியை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரிமையாக்கினால், "இவருக்கு வாக்களியாதவர் நாட்டுப்பற்று இல்லாதவர்" என்னும் பொல்லாத பொருள் தானே விளைந்துவிடும்.

அவ்வாறாயின், படைவீரர் அரசியலுக்கு வரலாகாதா? வரலாம். ஓய்வு பெற்றபின் அவரும் முழு உரிமையுள்ள குடிமகனே. மேஜர் ஜெனரலாக இருந்த புவன் சந்திர கந்தூரி 2007இல் உத்தராகண்டு முதலமைச்சர் ஆனார். மறுபுறம், 1949 சனவரி 15ஆம் நாள் சுதந்திர இந்தியாவின் முதல் இந்தியத் தலைமைப் படைத்தலைவராகப் பொறுப்பேற்ற கரியப்பா, 1971ஆம் ஆண்டில் மும்பையில் மக்களவைத் தேர்தலில் நின்று தோல்வியுற்றார். அதனால் அவருடைய புகழ் மங்கவில்லை. 1986இல் நாடு அவருக்குப் பீல்டு மார்ஷல் என்னும் பெருஞ்சிறப்பை அளித்தது. மதிப்பு வேறு, வாக்கு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பதக்கம் முடிந்துபோன செயலுக்குச் சான்று. வாக்கோ இனி நடக்க வேண்டிய செயலுக்கு நாம் கொடுக்கும் பொறுப்பு. 38 ஆண்டுகளுக்குப்பின் 2006இல் புதுவையில் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றபோது, கொம்யூன் பஞ்சாயத்துக்கு நின்றோரிடம் ஊரார் கேட்க வேண்டியிருந்தவை பாகூர் ஏரியின் கரை, மதகு, வாய்க்கால், குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றிய வினாக்களே. பனிமலையில் காவல் நின்றவர் அவற்றுக்கும் நல்ல விடை தரக்கூடும். ஒழுங்கும் துணிவும் அவருக்குத் துணை நிற்கும். ஆயினும் விடையை அவர் வாயால் சொல்ல வேண்டும். பதக்கம் அவருக்காகப் பேசலாகாது.

பாகூருக்கு இதனை உணர்த்த ஒரு வரலாறும் உண்டு. 1752 செப்டம்பரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அவ்வூர் மண்ணில் பொருதனர், ஆங்கிலேயர் வென்றனர். யார் ஆள வேண்டும் என்று அவ்வூர் உழவரை எவரும் கேட்கவில்லை. இரு நூற்றாண்டுகள் கழிந்தபின், 1954 அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தனர். 8 பேர் மறுத்தனர். வாளால் முடிவு செய்யப்பட்ட மண்ணில் வாக்கால் முடிவு செய்யும் காலம் வந்தது. மறுத்த எண்மரின் வாக்கும் எண்ணப்பட்டதன்றோ, அதுவே குடியாட்சியின் பெருமை.

மாணவ நண்பர்களே, 18 வயது நிரம்பியதும் அவ்வுரிமை உங்கள் கைக்கு வரும். பதக்கம் அணிந்த ஒருவர் உங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வருவாராயின், முதலில் எழுந்து நின்று வணங்குங்கள். அது நாம் அவருக்குச் செலுத்த வேண்டிய கடன். பின்னர் அமரச் செய்து, அப்பதக்கம் எதற்காகக் கிடைத்தது என்று பணிவுடன் கேளுங்கள்; உண்மை வீரர் அதனை மகிழ்ந்து சொல்வார். அதன்பின், ஏரியின் மதகை எப்போது செப்பனிடுவீர்கள் என்றும் கேளுங்கள். வணக்கம் பதக்கத்துக்கு உரியது. வாக்கு அந்த இரண்டாம் வினாவின் விடைக்கு உரியது.