பெயர் மாறிய நுண்ணுயிரும் மழைக்காலத் தீவனமும்

காரைக்கால் பகுதியில் கருக்களாச்சேரி போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் கறவை மாடுகளுக்குச் சோதனைக் காலம். வயலெல்லாம் தண்ணீர், மேய்ச்சல் கிடையாது, நனைந்த வைக்கோலில் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்கு முன்பே பசுந்தீவனத்தை ஊறுகாய்ப் புல்லாகப் பதப்படுத்தி வைத்தவர் வீட்டில்தான் கறவை அதிகம் குறையாது.

புல்லைப் பதப்படுத்துவது ஒரு நுண்ணுயிர். கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொட்டலங்களில் முன்பு 'லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம்' என்ற பெயரே இருந்தது. 'லாக்டிபிளாண்டிபேசில்லஸ் பிளாண்டாரம்' என்று அச்சிட்டிருந்தால் வேறு சரக்கு என்று எண்ண வேண்டாம். இரண்டும் ஒன்றே. 1919-இல் டென்மார்க் அறிஞர் ஓர்லா-யென்சன் இதற்கு 'ஸ்ட்ரெப்டோபாக்டீரியம் பிளாண்டாரம்' என்று பெயரிட்டார். 1923-இல் இதை லாக்டோபேசில்லஸ் இனத்தில் சேர்த்தார்கள். அந்த இனத்தில் 261 வகைகள் சேர்ந்துவிடவே, மரபுப்பொருளை ஒப்பிட்டு 2020-இல் அதை 25 இனங்களாகப் பிரித்தார்கள். குலப்பெயர் இருமுறை மாறியும் சொந்தப் பெயர் மாறவில்லை. 'பிளாண்டாரம்' என்றால் செடிகளுடையது என்று பொருள். படித்தவர்களே தடுமாறும் பெயர். விவசாயி தடுமாறினால் வியப்பில்லை.

பெயருக்கேற்ப இது பச்சை இலைகளில் வாழ்கிறது. ஆனால் அங்கே மட்டுமல்ல. இட்லி மாவு, ஊறவைத்த காய்கறி, மனிதனின் குடல் எங்கும் உண்டு. 2003-இல் முழு மரபுத்தொகுதியும் படிக்கப்பட்ட ரகம் மனித உமிழ்நீரிலிருந்து எடுத்ததாகும். பெரும்பாலான உயிர்களுக்கு இன்றியமையாத இரும்புச்சத்து இதற்குத் தேவையில்லை. செடிகளில் கிடைக்கும் மாங்கனீசு போதும். உப்பையும் புளிப்பையும் தாங்கும். ஆனால் சர்க்கரை இல்லாமல் இதனால் புளிக்கவைக்க முடியாது. மீன்கழிவை இதே உயிரைக்கொண்டு பதப்படுத்துவோர், மீனில் சர்க்கரை இல்லாததால் மொலாசஸ் சேர்த்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அழுகிவிடும்.

வெட்டிய புல்லில் இந்த உயிர் மிகக் கொஞ்சமே இருக்கும். இடையில் காற்று தங்கினால் புல் மூச்சுவிட்டுத் தன் சர்க்கரையைத் தானே எரித்துவிடும், பூஞ்சணமும் முந்திக்கொள்ளும். ஆகவே பொட்டலத்தைவிட மிதிப்பே முக்கியம். காற்றை வெளியேற்றாதவருக்கு எந்தப் பொட்டலமும் உதவாது.

கதிர் பால் பிடித்த சோளம், மக்காச்சோளத்தில் சர்க்கரை போதுமானது. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் நீர் அதிகம், சர்க்கரை குறைவு. அதை அரைநாள் வாட்டி, 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லம் அல்லது மொலாசஸ் கரைத்துத் தெளிக்க வேண்டும். 2 முதல் 3 செ.மீ. துண்டுகளாக நறுக்கி ஒரு பிடி அழுத்திப் பார்த்தால் சாறு சொட்டக்கூடாது. நிலத்தடி நீர் மேலே நிற்கும் கடலோரத்தில் குழி வெட்டினால் ஊற்றெடுக்கும். பிளாஸ்டிக் பீப்பாயோ தடித்த பாலித்தீன் பையோ நல்லது. அடுக்கடுக்காக மிதித்து, காற்றுப் புகாமல் மூட வேண்டும்.

சுமார் 45 நாட்களில் திறக்கலாம். பழப்புளிப்பு வாசனையும் மஞ்சள்கலந்த பச்சை நிறமும் இருந்தால் நன்றாகப் பதப்பட்டது. பூஞ்சணம் பிடித்ததையும் அழுகல் நாற்றம் வீசுவதையும் மாட்டுக்குக் காட்டவே கூடாது. முதலில் நாளுக்கு 5 கிலோ கொடுத்துப் பழக்க வேண்டும். பாலில் வாடை ஏறாமலிருக்க, கறந்த பிறகே வைக்க வேண்டும். திறந்த பீப்பாயிலிருந்து நாள்தோறும் எடுத்து விரைவில் தீர்த்துவிட வேண்டும்.