முதலில் உடம்புக்கு, பிறகு கண்ணுக்கு

புதிதாக க்ரூஸர் பைக் வாங்குபவர்களில் பலர் முதலில் கைவைப்பது சைலன்சரில்தான். கைவைக்க வேண்டியதோ உடம்பு வண்டியைத் தொடும் மூன்று இடங்களில்: சீட், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட். காரணம் க்ரூஸரின் அமைப்பிலேயே இருக்கிறது. 2020-இல் அறிமுகமான ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-ஐ எடுத்துக்கொள்வோம். சீட் உயரம் 765 மி.மீ.தான், ஃபுட்ரெஸ்ட் சற்று முன்னால் தள்ளியிருக்கும். சாதாரண பைக்கில் பள்ளத்தைக் கண்டால் காலை ஊன்றி லேசாக எழுந்துவிடலாம். க்ரூஸரில் கால் முன்னே நீண்டிருப்பதால் அது அவ்வளவு சுலபமில்லை. குலுங்கலை இடுப்பும் முதுகுத்தண்டும்தான் வாங்கிக்கொள்கின்றன.

ஆகவே செலவில்லாத மாற்றங்களிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். இந்த வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங் இறுக்கத்தை ஆறு படிகளில் மாற்றலாம். தனியாகப் போகும்போது பொருந்தும் படி, பின்னால் ஆளும் பையும் ஏறினால் பொருந்தாது. கிளாம்பைத் தளர்த்தி ஹேண்டில்பாரைச் சற்றே திருப்பி வைத்தாலே மணிக்கட்டு வலி குறையக்கூடும். அதற்குப் பிறகும் வலித்தால் சீட்டை மாற்றலாம். உயரமான ஹேண்டில்பார் போடுவதானால் கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், ஒயர்கள் ஆகியவற்றின் நீளம் போதுமா என்று இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்ப்பது கட்டாயம்.

‘க்ரூஸருக்கு அழகும் சத்தமும்தானே உயிர்?’ என்று கேட்கலாம். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர்கள் மட்கார்டை வெட்டி எறிந்தது முதன்மையாக எடையைக் குறைத்து வேகமாகப் போகத்தான். பின்னால் வந்த சாப்பர்கள் தோற்றத்துக்காக முன் ஃபோர்க்கை நீட்டிச் சாய்த்தன. நேர்சாலையில் சுகமாக ஓடிய அவை மெதுவாகத் திரும்பும்போது கனத்தன. சத்தத்துக்கும் விலை உண்டு. பிஎஸ்-6 வண்டியின் புகைபோக்கிப் பாதையில் நச்சுவாயுக்களைக் குறைக்கும் வினையூக்கி இருக்கிறது. ஆக்சிஜன் சென்சார் சொல்லும் கணக்கில்தான் பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. சைலன்சரை மாற்றினால் இந்த ஏற்பாடு குலையலாம். சட்டமும் சும்மா விடாது: தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். அழகு வேண்டுமென்றால் சீட் உறையிலும் கண்ணாடியிலும் அதற்கு இடம் இருக்கிறது. முதல் சர்வீஸ் வரை வண்டியை வந்தபடியே ஓட்டினால், எதை மாற்ற வேண்டும் என்பதை உடம்பே சொல்லிவிடும்.