வாசல் பூட்டு உடைந்தால் வாடகை குறையுமா?

1968க்குப் பிறகு கட்டப்பட்ட நியூயார்க் நகர அடுக்குமாடிக் கட்டடங்களில் தெருக்கதவு தானாகச் சாத்தி, தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். பல கட்டடங்களில் நிலைமை வேறு. கதவை இழுத்துச் சாத்தும் கம்பி கழன்று தொங்கும். பூட்டின் நாக்கு விழாதபடி யாரோ அட்டையை மடித்துச் செருகியிருப்பார்கள். இன்டர்காமில் பாதிப் பொத்தான்கள் வேலை செய்யாது. "குடியிருப்பவர்களே உடைக்கிறார்கள்" என்பார் உரிமையாளர். "பாதி வாடகைதான் தருவேன்" என்பார் குடித்தனக்காரர்.

அந்தப் பாதியைத் தானே முடிவு செய்வதில்தான் வம்பு தொடங்குகிறது.

நகரில் சுமார் 10 லட்சம் வீடுகள் வாடகைக் கட்டுப்பாட்டின் கீழ் உள்ளன. அங்கே பூட்டும் இன்டர்காமும் வாடகையில் அடங்கிய சேவைகள். முதலில் உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது நல்லது; அசையாவிட்டால் மாநில வீட்டுவசதித் துறையிடம் புகார். ஆய்வாளர் வந்து பார்த்துக் குறை உறுதியானால், கடைசி உயர்வுக்கு முந்தைய தொகைக்கு வாடகை இறங்கும்.

2025 அக்டோபரில் தொடங்கும் ஓராண்டு ஒப்பந்தங்களுக்கு நகர வாடகை வாரியம் அனுமதித்த உயர்வு 3 சதவீதம். 1,500 டாலர் 1,545 ஆகியிருந்தால் மறுபடி 1,500. வெறும் 45 டாலர்தானா என்று தோன்றும். ஆனால் பழுதைச் சரிசெய்து, வாடகையை மீட்கும் ஆணை பெறும்வரை அடுத்தடுத்த ஆண்டுகளின் உயர்வையும் உரிமையாளர் வசூலிக்க முடியாது. அவருக்கு வலிப்பது இதுதான். புகார் போன கையோடு பூட்டு மாறுவதும் உண்டு. ஆய்வாளர் வரும்போது பூட்டு சரியாக இருந்தால் வாடகை இறங்காது. கதவு பூட்டினால் போதும் என்பவருக்கு அதுவே வெற்றி.

பூட்டுக்குப் பதில் காவலாளி இருக்கும் கட்டடத்தில், உரிமையாளர் அவரை நீக்கிவிட்டுக் கேமரா மாட்டினால் போதாதா? வாடகைக் கட்டுப்பாட்டு வீடுகளில் அதற்கும் துறையின் முன் அனுமதி வேண்டும்.

கட்டுப்பாட்டில் இல்லாத வீடுகளுக்கும் ஒரு வழி உண்டு. வாழத் தகுந்த, பாதுகாப்பான வீட்டைத் தருவது உரிமையாளரின் கடமை என்று 1975ல் சட்டமானது. மீறினால் வாடகையில் எவ்வளவு கழிப்பது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். மன்ஹாட்டனின் பார்க் வெஸ்ட் குடியிருப்பில் 1976ல் பராமரிப்பு ஊழியர்கள் 17 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை மலையாய்க் குவிந்தது. அந்த வழக்கில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1979ல் உறுதிசெய்த குறைப்பு 10 சதவீதம். அவ்வளவு நாற்றத்துக்கே பத்துதான் என்றால், உடைந்த பூட்டுக்குப் பாதி கிடைக்கும் என்று நம்புவது வீண்.

வாடகையை நிறுத்தினால் உரிமையாளர் வழக்குப் போடுவார். பூட்டுக் குறையை அங்கே எதிர்வாதமாக வைக்கலாம். ஆனால் கழித்தது போக மீதியைக் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் வீட்டைக் காலி செய்ய நேரும். நிறுத்திய பணத்தைச் செலவழிக்காமல் வங்கியில் போட்டு வையுங்கள். தேதியுடன் கதவின் படம், உரிமையாளருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல், நகரின் 311 எண்ணில் கொடுத்த புகாரின் எண் ஆகியவை கையில் இல்லாமல் வாடகையில் கை வைக்காதீர்கள்.