யூனியன் என்றால் என்ன? பைப் கடை முதல் சாம்சங் ஆலை வரை ஒரு சொல்லின் கதை

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி "யூனியன் ஆபீஸ் எங்கே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெரியவர் என்றால் பி.டி.ஓ. ஆபீஸுக்கு, அதாவது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு வழி சொல்வார். கம்பெனி யூனிஃபார்மில் பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞர் என்றால், "எந்த யூனியன்? சி.ஐ.டி.யு.வா?" என்று திருப்பிக் கேட்பார். ஹார்டுவேர் கடைக்காரரோ, "அரை இன்ச்சா, முக்கால் இன்ச்சா?" என்பார்.

மூன்று பேருமே சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஒரே ஆங்கிலச் சொல் இத்தனை வேலை செய்வது எப்படி? இந்தத் தொழிற்பேட்டையில் அந்த ஒரு சொல்லுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் 37 நாள் வேலையை விட்டு உட்கார்ந்தது ஏன்? பார்க்கலாம்.

வெங்காயத்துக்கும் யூனியனுக்கும் உறவு உண்டு

லத்தீனில் 'ஊனுஸ்' என்றால் ஒன்று. அதிலிருந்து பிறந்ததுதான் யூனியன். யூனிஃபார்ம், யூனிட், யுனைடெட் எல்லாம் அதே குடும்பம். வெங்காயத்தைக் குறிக்கும் 'ஆனியன்' கூட லத்தீனின் 'ஊனியோ' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான்.

தமிழில் நாம் வைத்துக்கொண்ட 'ஒன்றியம்' என்ற சொல்லும் 'ஒன்று' என்பதிலிருந்தே பிறக்கிறது. ஆக, வேர் வரைக்கும் பொருந்துகிற மொழிபெயர்ப்பு இது. பல ஊராட்சிகள் சேர்ந்தால் ஊராட்சி ஒன்றியம். பல நாடுகள் சேர்ந்தால் ஐரோப்பிய ஒன்றியம். இந்திய அரசியலமைப்பின் முதல் பிரிவே நாட்டை மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் சொல்கிறது. 2021-ல் தமிழக அரசு 'மத்திய அரசு' என்பதை விட்டு 'ஒன்றிய அரசு' என்று எழுதத் தொடங்கியபோது கிளம்பிய விவாதமும் இந்தச் சொல்லைச் சுற்றித்தான்.

ஆனால் தொழிலாளர் விஷயத்தில் மட்டும் நாம் ஒன்றியம் என்று சொல்வதில்லை. எழுத்தில் 'தொழிற்சங்கம்', பேச்சில் 'யூனியன்'. "யூனியன்ல சேர்ந்துட்டியா?" என்றால் வேறு விளக்கமே தேவைப்படாது.

'ஏ'யா, 'அன்'னா?

இன்டர்வியூவிலும் இமெயிலிலும் பலர் தடுமாறும் இடம் இது. ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் 'அன்' போட வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். அதை நம்பி 'அன் யூனியன்' என்று எழுதுவது தவறு. எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைப் பார்க்க வேண்டும். யூனியன் 'யூ' என்ற ஒலியில் தொடங்குகிறது. ஆங்கில இலக்கணப்படி 'ய' ஒலி மெய்யொலிக் கணக்கில் வரும். அதனால் 'ஏ யூனியன்', 'ஏ யூனிஃபார்ம்', 'ஏ யுனிவர்சிட்டி' என்பதே சரி. 'அன் அங்கிள்', 'அன் அம்ப்ரெல்லா' என்பவற்றில் தொடக்கம் 'அ' ஒலி, அங்கே 'அன்' வரும்.

இன்னொரு குழப்பம், யூனியனும் யூனிட்டியும். யூனிட்டி என்பது ஒற்றுமை, மனநிலை. யூனியன் என்பது சேர்ந்த பிறகு உருவாகும் அமைப்பு. பெயர், விதிமுறை, சந்தா, நிர்வாகிகள் எல்லாம் அதற்கு உண்டு. ஒற்றுமை இருந்தும் யூனியன் இல்லாத ஆலைகள் இருக்கின்றன. யூனியன் இருந்தும் ஒற்றுமை இல்லாதவையும் இருக்கின்றன.

பிளம்பர் சொல்லும் யூனியன்

இரண்டு பைப்பை இணைக்க சாக்கெட் போடலாம், யூனியனும் போடலாம். சாக்கெட்டில் இறுக்கிவிட்டால் நடுவில் மட்டும் கழற்றுவது கஷ்டம். யூனியன் அப்படியல்ல. நடுவில் உள்ள நட்டைத் தளர்த்தினால், பைப்பை வெட்டாமல், சுற்றாமல், இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எடுத்துவிடலாம். அதாவது, சேர்ந்திருக்கும்போதும் இரண்டும் தன் தன் வடிவத்தை இழப்பதில்லை.

மெர்ஜர் என்ற சொல்லிலிருந்து யூனியன் விலகும் இடமும் இதுதான். இரண்டு கம்பெனி மெர்ஜ் ஆனால் ஒன்று காணாமல் போகும். யூனியனில் சேரும் தொழிலாளி தனி ஆளாகவே இருக்கிறார். கேட்பது மட்டும் சேர்ந்து.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் தொடங்கப்பட்டது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் உள்ளிட்டோர் முன்னின்றார்கள். அப்போது சங்கங்களுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1920-ல் பின்னி நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவும் வாங்கியது. சங்கம் நடத்தினாலே கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்ற நிலைமைதான், சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரலை வலுவாக்கியது. அதன் தொடர்ச்சியாக வந்தது 1926 தொழிற்சங்கச் சட்டம்.

அந்தச் சட்டத்தின் வரையறையில் யூனியனை விளக்கப் பயன்பட்ட சொல் 'காம்பினேஷன்', அதாவது கூட்டு. ஒரு காலத்தில் பிரிட்டனில் தொழிலாளர்கள் கூடுவதைத் தடுத்த 1799, 1800 சட்டங்களுக்கும் 'காம்பினேஷன்' சட்டங்கள் என்றே பெயர். குற்றத்தின் பெயராக இருந்த சொல், பிறகு உரிமையின் வரையறைக்குள் வந்தது. இன்று சங்கம் அமைப்பது அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவு தரும் அடிப்படை உரிமை.

சாம்சங்கில் நடந்தது என்ன?

சுங்குவார்சத்திரத்தில் 2007 முதல் இயங்கும் சாம்சங் ஆலையில் ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் தயாராகின்றன. 2024-ல் அங்குள்ள தொழிலாளர்கள் சி.ஐ.டி.யு. ஆதரவுடன் 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' என்ற பெயரில் பதிவுக்கு விண்ணப்பித்தார்கள். பதிவு கிடைக்கவில்லை. செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற தங்கள் வர்த்தகப் பெயர் இருக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் ஆட்சேபம்.

இதே பகுதியில் ஹூண்டாய், ரெனால்ட் நிசான் ஆலைகளில் இருக்கும் சங்கங்களின் பெயரிலும் கம்பெனிப் பெயர் உண்டு. அதனால் "எங்களுக்கு மட்டும் ஏன் கூடாது?" என்பது தொழிலாளர்களின் கேள்வியாக இருந்தது.

அக்டோபர் 7-ல் நிறுவனம் தொழிலாளர்களில் ஒரு பிரிவினருடன் ஒப்பந்தம் செய்தது. போராடியவர்கள் அதை ஏற்கவில்லை. அக்டோபர் 15-ல் அரசின் பேச்சுவார்த்தையில் போராட்டம் முடிந்தது, பெயர்ப் பிரச்சினை முடியவில்லை. விண்ணப்பத்தின் மீது ஆறு வாரத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜனவரி 27-ல் சங்கம் பதிவானது, 'சாம்சங்' என்ற சொல்லுடனேயே. அதே ஆண்டு மே மாதம் மூன்று ஆண்டுக்கான ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

பதிவும் அங்கீகாரமும் ஒன்றா?

இல்லை. பதிவு என்பது அரசு தருவது. அதற்குக் குறைந்தது 7 பேர் விண்ணப்பிக்க வேண்டும். ஆலைத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அவ்வளவு உறுப்பினர்கள் வேண்டும். அங்கீகாரம் என்பது "இவர்களோடு பேசுகிறோம்" என்று நிர்வாகம் ஒப்புக்கொள்வது. பதிவான சங்கத்தை நிர்வாகம் அங்கீகரித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 1926 சட்டப்படி நடைமுறையில் இருந்ததில்லை.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இதை மாற்றுகிறது. ஓர் ஆலையில் பல சங்கங்கள் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு உள்ள சங்கமே நிர்வாகத்தோடு பேசும் ஒரே சங்கம். யாருக்கும் அந்த பலம் இல்லை என்றால், 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு அமைக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, யாரைத் தொழிலாளர் என்று எண்ணுகிறோம் என்பது. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை ஒரே லைனில் நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட் தொழிலாளி, அப்ரண்டிஸ் மூவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். கான்ட்ராக்ட் ஆள் காகிதத்தில் கான்ட்ராக்டரின் ஆள். அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சி பெறுபவர், தொழிலாளியே அல்ல. அதனால் கம்பெனி யூனியன் பேசி வாங்கும் ஊதிய உயர்வு பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளர்களோடு நின்றுவிடுகிறது.

'ஒன்று' என்பதில் பிறந்த சொல்தான் யூனியன். அந்த ஒன்றுக்குள் யார் யார் வருவார்கள் என்பதுதான் இந்த ஆலைகளில் அடுத்து எழப்போகும் கேள்வி.